பொருத்தம் பார்த்தது கேமராவுக்குப் பின்னால்!

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் அன்றைக்கு நமக்கு ராஜயோகம்தான். தென்னந்தோப்புகள் ஓடி முடிந்ததும் ஆனைமலைத் தொடர் சட்டென்று எதிரே எழுந்து நிற்கும். 40 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், மலையடிவாரத்தில், ஆழியாறு அணை. பஸ்ஸில் எல்லோரும் தண்ணீரைப் பார்ப்பார்கள். நான் பார்ப்பது அணையை ஒட்டிய அந்தப் பங்களா இருக்கும் பக்கத்தை. இங்கேதானே அசோக் வேலை கேட்டுக் கூடாரம் போட்டான்! இங்கேதானே சின்னமலை எஸ்டேட் விஸ்வநாதன் அவனைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்! மனசு அப்படியே துள்ளிக் குதிக்கும்.

அந்தக் காட்சிகள் வந்த ‘காதலிக்க நேரமில்லை’ வெளியானது 1964 பிப்ரவரி 27. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் டிவியில் எந்த இடத்திலிருந்து ஓடினாலும் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். மகள்களுக்குப் பணக்கார மாப்பிள்ளை தேடும் ஓர் அப்பா. மனசுக்குப் பிடித்தவனைத் தேடிக்கொண்ட மகள்கள். தன் முதல் படத்துக்குக் கதாநாயகி தேடும் மகன். ஆக, வீட்டில் எல்லோரும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த ஜோடிகள் திரைக்கு இந்தப் பக்கம் இருக்கிறார்கள். அந்தப் பொருத்தங்கள் எப்படிக் கூடிவந்தன என்று பார்க்கத்தான் இந்த எட்டிப் பார்ப்பு. வாருங்கள், செட்டுக்குப் பின்னால் ஒரு இடுக்கு இருக்கிறது!

முதலில் மெரினா மணலுக்குப் போகவேண்டும். அங்கே இரண்டு நண்பர்கள். ஒருவர் இயக்குநர் ஸ்ரீதர். இன்னொருவர் கோபு. சடகோபன் என்ற முழுப்பெயரை மறக்கடித்து, ‘சித்ராலயா’ கோபு என்றே தமிழ்நாடு அவரை அழைத்தது. இருவரும் செங்கல்பட்டில் ஒன்றாகப் படித்தவர்கள். பள்ளிக்கூட நாடகத்தில் தொடங்கிய சிநேகிதம் அது. கடற்கரைக் காற்றில் உட்கார்ந்து கதை பேசுவது இவர்களுக்கு வேலையும் பொழுதுபோக்கும். அப்படி ஒரு பேச்சில்தான் கோபு அந்த யோசனையை எடுத்துப் போட்டார்: ஏன் முழுநீள காமெடி ஒன்று எடுக்கக்கூடாது?

ஸ்ரீதர் தயங்கினார். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருந்தது. 1959-ல் ‘கல்யாணப் பரிசு’. தங்கவேலு வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தார், சரி, ஆனால் படம் முடிந்து வெளியே வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வந்தார்கள். 1962-ல் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’. ஒரே ஒரு ஆஸ்பத்திரி செட், ஒரு மாதத்துக்குள் படப்பிடிப்பு, அரங்கம் முழுக்க விசும்பல். 1963-ல் ‘நெஞ்சம் மறப்பதில்லை’. முன்பிறவி, பழிவாங்கல், பயம். ஸ்ரீதர் படம் என்றால் கைக்குட்டை எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று ஊருக்கே தெரியும். அந்த மனிதரிடம் போய், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் முழுப்படமும் சிரிப்பாக எடுங்கள் என்று சொல்ல யாரால் முடியும்? பள்ளிக்கூட சிநேகிதனால் மட்டும்தான் முடியும்! ஆக, முதல் பொருத்தம் மெரினாவிலேயே அமைந்துவிட்டது.

கதை தயார். இனி ஆட்கள். இங்கேதான் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை, ஏனென்றால் ஸ்ரீதர் இந்தப் படத்துக்கு நடிகர் தேடிய விதமே ஒரு காதல் காமெடிக்குச் சமம். பெரிய நட்சத்திரம் ஒருவர்கூட வேண்டாம் என்று முடிவு. சிவாஜி, எம்.ஜி.ஆர்., ஜெமினி மூவரும் ஆண்டுகொண்டிருந்த 1964-ல், அவர்கள் யாரும் இல்லாமல், வண்ணத்தில் செலவு செய்து படம் எடுப்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

கதாநாயகன் மலேசியாவிலிருந்து வந்தவர். ராமன் என்று பெயர். படிக்கத்தான் திருச்சிக்கு வந்தார். படிப்பு எங்கே போயிற்றோ, ‘ரவிச்சந்திரன்’ என்ற பெயரில் துறுதுறுவென்று திரைக்குள் வந்து நின்றார். முதல் படம் என்று அவர் நடையில் எங்கேயாவது தெரிகிறதா சொல்லுங்கள். முதலாளி வீட்டு வாசலிலேயே மறியல் செய்யும் அந்த அசோக்குக்குத் தயக்கம் என்ற ஒன்றே கிடையாது. அது அனுபவம் உள்ள நடிகர் தருகிற தைரியம் இல்லை. புதுசாக வந்தவனின் துள்ளல். ஸ்ரீதருக்கு வேண்டியிருந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

கதாநாயகி வந்தது இன்னும் உயரத்திலிருந்து! விமானப் பணிப்பெண்ணாக இருந்தவர் வசுந்தரா தேவி. சினிமாவில் ஏற்கெனவே ஒரு வசுந்தரா தேவி உண்டு, வைஜயந்திமாலாவின் அம்மா. அதனால் புதுப்பெயர் வேண்டியிருந்தது. காஞ்சனா என்று வைத்தார்கள். படத்தில் அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயரும் காஞ்சனாதான். திரையில் முதல் தடவை வருகிற பெண்ணுக்கு, தன் புதுப் பெயரையே பாத்திரத்தின் பெயராகவும் கொண்டு நடக்கக் கிடைத்த வாய்ப்பு. அழகாக இல்லை?

தங்கை நிர்மலாவாக ராஜஸ்ரீ. வாசுவாக முத்துராமன். கொஞ்சம் நில்லுங்கள், முத்துராமன் எங்கிருந்து வருகிறார் என்று பாருங்கள். ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் புற்றுநோயோடு படுத்திருந்த அதே மனிதர்! அதே படத்தில் வார்டு பாயாக ஓடியாடிய நாகேஷ்தான் இங்கே மகன் செல்லப்பா. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரே ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள், இப்போது டிஸ்சார்ஜ் ஆகி ஒன்றாக ஆழியாறுக்குச் சுற்றுலா வந்த மாதிரி எனக்குத் தோன்றும்.

சச்சு விஷயம் மனசைத் தொடுவது. குழந்தை நட்சத்திரமாக ஊர் அறிந்தவர். 1962-ல் ஏவி.எம்.மின் ‘வீரத்திருமகன்’ படத்தில் கதாநாயகியாகவே நடித்துவிட்டார். கதாநாயகியாக ஏறிய பெண்ணை நகைச்சுவை நடிகருக்கு ஜோடியாக, மீனாவாக நடிக்கக் கேட்டால் எப்படி இருக்கும்? அந்தக் காலத்தில் அது படி இறங்குவது போலத்தான். சச்சுவுக்கும் அவர் வீட்டாருக்கும் தயக்கம் இருந்தது. பேசிச் சம்மதிக்க வைத்தார்கள். அதற்கப்புறம் தமிழ் சினிமாவுக்குப் பல வருஷம் ஓர் அருமையான நகைச்சுவை நடிகை கிடைத்தார். செல்லப்பா தன் ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ படத்துக்குக் கதாநாயகி கிடைத்துவிட்டாள் என்று குதிக்கும்போதெல்லாம் நான் ஸ்ரீதரையும் கோபுவையும் நினைத்துக்கொள்வேன். அவர்கள் குதித்திருக்க மாட்டார்களா என்ன!

சரி, ஆழியாறுக்குத் திரும்புவோம். அணை 1962-ல் திறக்கப்பட்டது. படப்பிடிப்புக் குழு போனபோது அது புத்தம்புதுசு. தமிழ்நாட்டில் பலர் அதுவரை கண்ணால் பார்த்திராத இடம். சித்ராலயா படநிறுவனத்துக்கு இதுதான் முதல் வண்ணப்படம், அதுவும் ஈஸ்ட்மன் கலர். வண்ணம் என்றால் அரண்மனை, கிரீடம், போர்க்களம் என்றிருந்த காலம். அதே 1964 ஜனவரியில் ‘கர்ணன்’ தங்கக் கவசம் மின்ன வந்திருந்தார். அடுத்த மாதமே வந்த இந்தப் படம் அந்த வண்ணத்தை எதன் மேல் பூசியது? புடவை, கார், புல்வெளி, கண்ணாடி வளையல், காலேஜ் பெண்களின் கூந்தல் ரிப்பன்! நம் பக்கத்து வீட்டுக்காரர்களை வண்ணத்தில் பார்க்கிற சந்தோஷம் அதற்கு முன்னால் நமக்கு எங்கே கிடைத்தது?

கேமரா ஏ. வின்சென்ட். அந்த நாளைய வண்ண பிலிமுக்கு வெளிச்சப் பசி அதிகம். வீட்டுக்குள் எடுத்தால் பெரிய பெரிய விளக்குகளைச் சுற்றி நிறுத்தி, நடிகர்களின் மேக்கப் உருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியே எடுத்தால் சூரியனோடு ஒப்பந்தம். வெள்ளித்தாள் ஒட்டிய ரிஃப்ளெக்டர் பலகையைப் பிடித்துக்கொண்டு லைட்பாய்கள் மேகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மேகம் விலகிய அந்த நிமிஷத்தில் ஸ்பீக்கரில் பாட்டு ஒலிக்கும், நடிகர்கள் வாயசைப்பார்கள். மறுபடி மேகம், மறுபடி காத்திருப்பு. மலையடிவாரத்தில் மேகத்துக்குக் கேட்கவா வேண்டும்! ஆனால் திரையில் பாருங்கள், யாரும் எதற்காகவும் காத்திருந்த மாதிரியே தெரியாது. மெரினாவில் முத்துராமனும் காஞ்சனாவும் பாடும் டூயட்டில் அந்தக் கடற்கரைக் காற்று நம் முகத்தில் வந்து அடிக்கும். எந்த மணலில் கதை பிறந்ததோ, அங்கேயே கேமராவும் வந்து நின்றது.

வின்சென்ட் பற்றி ஒரு கொசுறு. அதே 1964-ல் அவர் மலையாளத்தில் முதன்முதலாக ஒரு படத்தை இயக்கினார். ‘பார்கவி நிலையம்’. வைக்கம் முகமது பஷீரின் கதை. பாழடைந்த வீடு, அதில் ஒரு பெண்ணின் ஆவி. நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியைப் படம் பிடித்த அதே வருஷம் அவர் கையிலிருந்து ஒரு நிஜப் பேய்ப்படம் வந்திருக்கிறது! இதை முதன்முதலில் கவனித்த அன்று நான் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

இசைக்கூடத்தில் அடுத்த ஜோடி. விஸ்வநாதன் - ராமமூர்த்தி. அடுத்த வருஷமே, 1965-ல், இருவரும் பிரிந்துவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டு கேட்டால் இந்தப் பாட்டுகள் இன்னும் இனிக்கும், கொஞ்சம் வலிக்கவும் செய்யும். கண்ணதாசன் எழுதினார். எஸ்டேட் முதலாளியின் பெயர் விஸ்வநாதன். அவரிடம் வேலை கேட்டு அசோக் பாடும் பாட்டுக்கு மெட்டமைத்தவரும் விஸ்வநாதன். கவிஞர் தன் சிநேகிதனின் பெயரைப் பாட்டு நெடுக ஒருமையில் கூப்பிட்டு ஆசை தீர்த்துக்கொண்ட மாதிரி இருக்கிறது! ஜெமினியின் குரலாகவே நமக்குப் பழகிப்போன பி.பி. ஸ்ரீனிவாஸ், இதில் புதுப்பையன் ரவிச்சந்திரனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு அந்தக் குறும்பைச் செய்கிறார். முருகன் பாட்டுக்கென்றே பிறந்த கணீர்க் குரல் சீர்காழி கோவிந்தராஜனுடையது. படத்தின் பெயரையே பல்லவியாகக் கொண்ட பாட்டை அவருக்குக் கொடுத்தார்கள். தமிழுக்கு அப்போதுதான் வந்துகொண்டிருந்த கே.ஜே. யேசுதாஸும் இருக்கிறார். பி.பி.எஸ்ஸும் சுசீலாவும் மெதுவாகக் கொஞ்சும் ஒரு பாட்டில், மெக்சிகோவின் கோன்சுவேலோ வெலாஸ்கஸ் மெட்டமைத்த ‘பேசமே மூச்சோ’வின் சாயல் தவழ்ந்து போகும். கேட்டுப் பாருங்கள். எங்கோ ஒரு நாட்டுப் பியானோவிலிருந்து கிளம்பிய மெட்டு, எப்படி நம் வீட்டு முற்றத்தில் வந்து மல்லிகைப்பூ வைத்துக்கொண்டது என்று வியப்பாக இருக்கும்.

கதையின் சூட்சுமம் உங்களுக்கு நினைவிருக்கும். அசோக் தான் ஒரு கோடீஸ்வரரின் மகன் என்று பொய் சொல்கிறான். பொய்க்கு ஓர் அப்பா வேண்டும். நண்பன் வாசுவைக் கூப்பிடுகிறான். வாசு தாடி மீசை ஒட்டிக்கொண்டு ‘சிதம்பரம்’ ஆகிறான். வந்த பிறகுதான் தெரிகிறது, தான் காதலிக்கும் காஞ்சனா இந்த வீட்டுப் பெண்! அதைவிட வேடிக்கை, வாசு நிஜமாகவே பணக்கார வீட்டுப் பிள்ளை. அவன் அப்பா விஸ்வநாதனின் பால்ய சிநேகிதர். உண்மையான மாப்பிள்ளை பொய்த்தாடிக்குள் மாட்டிக்கொண்டு தவிக்கிறான். முத்துராமனின் அந்த இரட்டை நடிப்பைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை என்பது என் வருத்தம். மலையடிவார வெயிலில், ஸ்பிரிட் கம் போட்டு ஒட்டிய தாடியோடு, கிழவனின் தளர்வுக்குள்ளே இளைஞனின் பதற்றத்தையும் காட்ட வேண்டும். கிழவர் காஞ்சனாவைப் பார்க்கும் பார்வையில் ஒரு கணம் இருபத்தைந்து வயசு எட்டிப் பார்த்துவிட்டு ஓடி ஒளியும். அதற்காகவே இன்னொரு தடவை படம் பார்க்கலாம்.

இப்போது... மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு வாருங்கள். அந்த அறைக்குள் போகிறோம். விஸ்வநாதனாகப் பாலையா உட்கார்ந்திருக்கிறார். நாகேஷ் கதை சொல்லப் போகிறார்.

டி.எஸ். பாலையா யார்? 1936-ல் ‘சதிலீலாவதி’யில் வில்லனாக வந்தவர். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். கிட்டத்தட்ட முப்பது வருஷம் எத்தனையோ பேரைத் திரையில் மிரட்டியவர். அவர் எதிரே, ஒல்லிக்குச்சியாக, படமெடுக்கப் பணம் கேட்டுவந்த மகன். கதையைச் சொல்லு பார்க்கலாம் என்கிறார் அப்பா. அவ்வளவுதான். காடு வருகிறது, இருட்டு வருகிறது, காலடிச் சத்தம் வருகிறது. எல்லாமே நாகேஷின் வாயிலிருந்து! பின்னணி இசை, பின்னணி ஓசை, கேமரா கோணம், எடிட்டிங் எல்லாவற்றையும் அந்த ஒற்றை உடம்பே செய்கிறது. கை கதவாகிறது, கண் இருட்டாகிறது, தொண்டை காற்றாகிறது.

எல்லோரும் அந்த இடத்தில் நாகேஷைப் பார்த்துச் சிரிப்போம். தயவுசெய்து அடுத்த தடவை பாலையாவை மட்டும் பாருங்கள். அவர் வசனம் என்று பெரிதாக எதுவும் பேசவில்லை. முதலில் முதலாளி உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் முதலாளி எழுந்து போய்விடுகிறார், ஒரு சாதாரண அப்பா மிச்சம். அப்புறம் அந்த அப்பாவும் போய்விட, இருட்டில் பாட்டியின் முந்தானையைத் தேடும் ஒரு சின்னப்பையன் அந்த இடத்தில் ஒடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். முகத்தின் சதை ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பயப்படுகிறது! நாகேஷ் எறிகிற ஒவ்வொரு சத்தத்தையும் கீழே விழாமல் பிடித்து, இன்னும் கொஞ்சம் பெரிதாக்கித் திருப்பிக் கொடுக்கிறார். கச்சேரியில் மிருதங்கக்காரரும் கடம் வாசிப்பவரும் தனியாவர்த்தனத்தில் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொள்வார்களே, அந்த மாதிரி ஒன்று இரண்டு உடம்புகளுக்கு நடுவே ஓடுகிறது. கேட்கிறவன் அப்படிப் பயந்தால்தானே சொல்கிறவனுக்குக் கதை ஏறும்!

படம் முழுக்கப் பணக்கார மாப்பிள்ளை தேடி அலையும் விஸ்வநாதனுக்கு நிஜமான ஜோடி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான், உதவாக்கரை என்று அவர் திட்டும் மகனாக. அசோக் - நிர்மலா, வாசு - காஞ்சனா, செல்லப்பா - மீனா என்று எல்லாக் கல்யாணமும் நன்றாக நடக்கட்டும், வாழ்த்துகள்! ஆனால் பத்துப் பொருத்தமும் பார்த்துக் கூடிய ஜோடி எது என்று என்னைக் கேட்டால் பாலையா - நாகேஷ் என்றுதான் சொல்லுவேன். அடுத்த வருஷம் ‘திருவிளையாடல்’ வந்தபோது நாகேஷ் தருமியாகவும் பாலையா ஹேமநாத பாகவதராகவும் ஒரே படத்தில் இருந்தார்கள், வேறு வேறு கதைகளில். ஒரே ஒரு காட்சியில் எதிரெதிரே உட்கார வைத்திருக்கக்கூடாதா என்று ஒவ்வொரு தடவையும் ஏங்குவேன்.

‘காதலிக்க நேரமில்லை’ கதை ஊர் ஊராகப் போயிற்று. தெலுங்கில் ‘பிரேமிஞ்சி சூடு’, 1965. ஹிந்தியில் ஸ்ரீதரே இயக்கிய ‘ப்யார் கியே ஜா’, 1966. பாலையாவின் இடத்தில் ஓம் பிரகாஷ், நாகேஷின் இடத்தில் மெஹ்மூத். மெஹ்மூதுக்கு அதற்காக ஃபிலிம்ஃபேர் விருதே கிடைத்தது. 1979-ல் கன்னடம், 1985-ல் மராத்தி. எந்த மொழிக்குப் போனாலும் அந்தக் கதை சொல்லும் காட்சியைக் கழற்ற யாருக்கும் மனசு வரவில்லை. 2025 பொங்கலுக்குக் கிருத்திகா உதயநிதி இயக்கத்தில், ஏ.ஆர். ரஹ்மான் இசையில், இதே தலைப்போடு புத்தம்புது படம் ஒன்று வந்தது. கதை வேறு. ஆனால் போஸ்டரில் அந்த ஐந்து எழுத்து ‘காதலிக்க’வும் ‘நேரமில்லை’யும் சேர்ந்து நிற்பதைப் பார்த்ததும் சுவரோரம் நின்றுவிட்டேன்.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் கரண்ட் போனால் அழமாட்டோம். அப்பாவைத் தேடுவோம். அவர் அரிக்கேன் விளக்கைத் திரி தாழ்த்தி நடுவில் வைப்பார். ஒன்றும் பேசமாட்டார். கொஞ்ச நேரம் கழித்து, எங்கிருந்தோ ஒரு கதவு திறக்கிற சத்தம் அவர் தொண்டையிலிருந்து வரும். தாத்தா ஈஸிசேரில் நிமிர்ந்து உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொள்வார். அவர் பாலையா. நாங்கள் நான்கு பேரும் பாட்டியின் முதுகுக்குப் பின்னால். காடு வரும், இருட்டு வரும், காலடி வரும். சரியாக அந்த நேரத்தில் கரண்ட் வந்து பல்பு எரிந்துவிடும். எல்லோரும் ஒரே குரலில் கத்துவோம், “லைட்டை அணைங்க!”